தலைவாழை இலையும் சிலந்திபிடிப்பானும்

என் அக்கா வசந்தாவுக்கு அனகாபுத்தூரில் இட்லி மாவுக் கடை இருக்கிறது. எனக்கு மேடவாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டும், வங்கி வேலையிலிருந்து வாங்கிய விருப்ப ஓய்வும், தகுதிக்கு மீறிய ஒரு கேமராவும் இருக்கின்றன. அக்காவின் ஒரே மகள் ரேவதி கல்யாணமாகி மலேசியாவில், கேமரன் மலையில் வாழ்கிறாள். அவளுக்கு வளைகாப்பு. பெண்ணை ஊருக்கு அழைத்து வந்து செய்வதாகத்தான் இருந்தது. இந்த நிலையில் விமானம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், கடையை மாமாவிடம் ஒப்படைத்துவிட்டு அக்காவே கிளம்பினாள்.

"நீயும் கூட வாடி. எனுக்கு இங்கிலீஷும் வராது, அந்தத் தானா ஓடுற படிக்கட்டும் ஆவாது," என்றாள் போனில்.

உடனே சரி என்றேன். ரேவதி மேல் எனக்கு இருக்கும் பாசத்தைப் பார்த்து அக்கா குரல் தழுதழுத்தது. ரேவதி மேல் எனக்குப் பாசம் உண்டு, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் நான் சரி என்றது ஒரு பறவைக்காக.

ஓய்வு பெற்ற புதிதில் என் பால்கனிச் செம்பருத்திக்கு ஒரு தேன்சிட்டு வந்து போய்க்கொண்டிருந்தது. கீழே தண்ணி லாரி ஹாரன் அடித்தால் ஓடும், லாரி போனதும் திரும்பி வரும். அதைப் பார்த்துப் பார்த்து நான் பறவை நிபுணர் ஆனேன். புத்தகம் வாங்கினேன், அரிசி மூட்டை கனத்தில் லென்ஸ் வாங்கினேன், அதைத் தாங்க ஒரு முக்காலி வாங்கினேன். அடுக்குமாடிப் பிள்ளைகளைப் பெரும்பாக்கம் ஏரிக்கு அழைத்துப் போய், ஒற்றைக் காலில் நின்ற வெள்ளைக் கொக்கு ஒன்றைப் பற்றி விரிவாக விளக்கினேன். காற்றடித்ததும் கொக்கு உப்பிப் பறந்து மின்கம்பியில் மாட்டிக்கொண்டது. பிளாஸ்டிக் பை.

அப்படிப்பட்ட நான் புத்தகத்தில் பார்த்து ஏங்கிய பறவை, கோடு போட்ட சிலந்திபிடிப்பான். தேன்சிட்டுக்குப் பெரியப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளும் பச்சையும் கலந்த உடம்பில் பேனாவால் கிழித்தது போலக் கோடுகள். ஆரஞ்சு நிறக் கால். முகத்துக்குச் சம்பந்தமில்லாத நீளத்தில் வளைந்த அலகு. பேர்தான் சிலந்திபிடிப்பான், விரும்பிக் குடிப்பதோ வாழைப்பூவின் தேன். மலைக்காட்டை விட்டுச் சமவெளிக்கு இறங்காது. கேமரன் மலையில் சாதாரணமாகத் தென்படும் என்று புத்தகம் சொன்னது. சாதாரணமாக என்ற சொல்லை நம்பித்தான் முக்காலியைத் துணிப்பெட்டிக்குள் திணித்தேன். அக்கா செய்து வைத்திருந்த அதிரசத்தில் பாதி அதற்கு இடம் விட்டுக் கீழே இறங்கியது.

விமான நிலையத்துக்கு ரேவதியின் கணவன் குமரன் வந்திருந்தான். கூடவே வாடகைக் கார் ஓட்டும் ஒரு சீனப் பெரியவர். எல்லோரும் அவரை அங்கிள் என்றார்கள், நாங்களும் அங்கிள் என்றோம். மலை ஏறுவதற்கு முன் அக்காவுக்கு நான் வகுப்பெடுத்தேன். தூரத்தில் ஒரு புள்ளியைப் பார், மூச்சை இழுத்து விடு, எலுமிச்சையை மோந்து பார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தூங்கிப்போனாள். மேடவாக்கம் கூட்ரோட்டைத் தினமும் கடக்கிற எனக்கு வளைவு நெளிவு எம்மாத்திரம் என்று நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தச் சாலை ஒரு நேர்கோட்டைக் கூடப் பார்த்ததில்லை. அங்கிள் போனில் மனைவியிடம் மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன சொல்கிறார் என்று குமரனிடம் கேட்டேன். அவன் தயங்கி மொழிபெயர்த்தான்:

"பின்சீட்ல ஒரு அம்மா பச்சை நெறமா மாறிக்கிட்டே வராங்க, வந்ததும் காடியக் கழுவத் தண்ணி எடுத்து வை'ன்னு சொல்றாரு, சித்தி."

அங்கே காரைக் காடி என்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட அடுத்த வளைவிலேயே அங்கிளின் கணிப்பு பலித்தது. அருவி ஓரம் நிறுத்தி, எனக்குத் தலையைப் பிடித்துவிட்டது தூக்கம் கலைந்த அக்காதான். "புள்ளிய பாரு," என்றாள்.

ரிங்லெட் ஊருக்கு வெளியே ஒரு சரிவில் வீடு. கொல்லையில் பந்தல், அதையொட்டி வாழைகள், அப்பால் காடு. காடு என்று நான் கற்பனை செய்து வந்ததில் பாதி இடத்தில் காய்கறிக்கான பிளாஸ்டிக் கூரைகள் மின்னிக்கொண்டிருந்தன. எங்கள் ஊரில் ஏரி இருந்த இடத்தில் நான் குடியிருக்கிறேன். இதைப் பற்றிப் பேச எனக்கு வாய் இல்லை.

குமரனின் அம்மா பார்வதி, ரேவதிக்கு மாமியார், தெருவிலேயே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "பசியாறிட்டீங்களா சம்பந்தி? குளிருதா? உள்ள வாங்க லா."

பசியாறுவது என்றால் அங்கே காலை உணவு, ‘லா’ என்பது பேச்சின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் வால். ரொட்டி சானாய் வந்தது. அக்கா பிய்த்துப் பார்த்து, "நம்ம பரோட்டாதான இது? வெளிநாட்டுக்கு வந்து பேரை மாத்திகினு கீது," என்றாள். சாப்பிட்டதும் நாலு கேள்வி கேட்டு மாவின் பதத்தைத் தெரிந்துகொண்டாள். அன்று மாலைக்குள் அக்காவும் பார்வதியம்மாவும் கூடப் பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். ஒருவர் பேசும் தமிழ் மற்றவருக்கு முக்கால்வாசிதான் புரிந்தது. அதுவே போதுமாக இருந்தது.

நான் பறவையைத் தேடிப் போனேன். விடிந்தும் விடியாமலும் முக்காலியைத் தோளில் சுமந்து தேயிலைச் சரிவுகளில் ஏறி இறங்கினேன். முதல் நாள் அட்டை கடித்தது. மறுநாள் மழை. அதற்கடுத்த நாள் ஒரு கிளையில் அசையாமல் உட்கார்ந்திருந்த மஞ்சள் உருவத்தை அடி மேல் அடி வைத்து நெருங்கினேன். யாரோ காயப்போட்ட ரப்பர் கையுறை. பெரும்பாக்கத்துப் பையிலிருந்து நான் முன்னேறியிருக்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

களைத்து வீடு திரும்பினால் அக்கா கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, கெடைச்சுதா?"

"இல்லக்கா. ரொம்ப அபூர்வமான பறவை. அடர்ந்த காட்டுலதான் இருக்கும்."

"தோ, இங்க ஒண்ணு வந்துச்சி. மஞ்சளா, மூக்கு இம்மா நீட்டு. வாழப்பூவுல தலைகீழா தொங்கிகினு குடிச்சிட்டுப் போச்சி. தினம் வருது."

நான் சிரித்தேன். மஞ்சளாக இருக்கிற எல்லாமே சிலந்திபிடிப்பான் ஆகிவிடாது, இது வேறு ஏதாவது தேன்சிட்டாக இருக்கும் என்று பொறுமையாக விளக்கினேன். புத்தகத்தைத் திறந்து குடும்பம், இனம் எல்லாம் காட்டினேன். அக்கா ஈரத் துணியை உதறினாள். என் கண்ணாடி நனைந்தது.

வளைகாப்பு அன்று விடிகாலையிலேயே வீடு நிறைந்துவிட்டது. சமையல் முடியும் நேரத்தில், கீழே ஊரிலிருந்து வந்த வாழையிலைக் கட்டைப் பிரித்தால் பாதி கிழிசல். பார்வதியம்மா கையைப் பிசைந்தார். "ரேவதிக்காச்சும் ஒரு தலவாழ எல வேணுமே."

"நான் வெட்டித் தரேன்," என்றேன்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் இலை வெட்டி ஆண்டுக்கணக்காகிறது. மேடவாக்கத்தில் வாழையிலை பச்சைத் தாள் வடிவில் பாக்கெட்டில் வருகிறது. ஆனாலும் அந்தக் கூட்டத்தின் நடுவே ஊரிலிருந்து வந்த ஒருத்திக்கு ஏதாவது தெரிந்திருக்க வேண்டாமா? பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகி, கத்தியோடு கொல்லைக்குப் போனேன். அகலமாக, கிழிசல் இல்லாமல், காட்டுப் பக்கம் சாய்ந்திருந்த ஓர் இலையைத் தேர்ந்தெடுத்தேன். அதன் மேல்பக்கம் நடுநரம்பை ஒட்டி வெள்ளை வெள்ளையாகச் சின்ன முடிச்சுகள் இருந்தன. பூச்சி முட்டை போலிருக்கிறது, கழுவினால் போய்விடும் என்று முடிவு செய்தேன். அடியில் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. காம்பில் ஒரே வெட்டு.

இலை சரிந்து கீழ் இலையின் மேல் விழுந்து தொங்கியது. உடனே அதற்குள்ளிருந்து கீச்சென்று சத்தம்.

குனிந்தேன். இலையின் அடியில், நாரும் சிலந்தி நூலும் சேர்த்துத் தைத்த நீளமான ஒரு பை. மேலே நான் பார்த்த வெள்ளை முடிச்சுகள் அந்தத் தையலுடையவை. இலையைத் துளைத்து நூலை இழுத்து அந்தப் பக்கம் முடிந்திருந்தது. பையின் வாயில் இரண்டு தலைகள். கோடு விழ ஆரம்பித்த உடம்பு, பாதி வளர்ந்த வளைந்த அலகு. தலைக்கு மேலே பந்தல் கம்பத்தில் ஒரு பறவை வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கத்தியது. ஆரஞ்சு நிறக் கால். கோடுகள். இவ்வளவு நாள் நான் தேடியது கைக்கெட்டும் தூரத்தில் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தது. என் கையில் கத்தி.

"ஐயோ," என்றேன். அது கொஞ்சம் பலமாக வந்துவிட்டது.

முதலில் ஓடி வந்தவர் பார்வதியம்மா. பார்த்தார். முகம் வெளுத்தது. "இன்னைக்குப் போயா சின்ன சம்பந்தி... புள்ளத்தாச்சி உள்ள வீடு. கூட்டக் கலைச்சிட்டீங்களே," என்றார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கதவருகே மாலையும் கழுத்துமாக ரேவதி நின்றாள். அவளுக்கு முன்பு ஒரு தடவை கர்ப்பம் கலைந்திருக்கிறது. அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அக்கா இடுப்பில் கையை வைத்தபடி வந்தாள். "கலையலயே. கீழ உழலயே. ரெண்டும் கத்திகினுதான கீது? கத்தினா உசுரு கீதுன்னு அர்த்தம். வாயப் பொளந்துகினு நிக்காம எதுனா பண்ணு. நீதான பட்சி படிச்சவ."

நான் படித்ததில் இது இல்லை. இலையை இருந்த உயரத்தில், இருந்த சாய்வில் நிறுத்த வேண்டும், அதுவும் சீக்கிரம். அது மட்டும் புரிந்தது. மூங்கில் கழி வழுக்கியது. கயிறு கட்டினால் இலை கிழியப் பார்த்தது. அப்போதுதான் முக்காலி நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தேன். அக்கா இலையைத் தாங்கிப் பிடிக்க, நான் முக்காலியின் கால்களைச் சேற்றில் ஊன்றி, கழுத்தை உயர்த்தி, லென்ஸ் உட்கார வேண்டிய இடத்தில் நடுநரம்பை வைத்துப் பிடியைத் திருகினேன். பார்வதியம்மா பூக்கட்ட வைத்திருந்த வாழைநாரைக் கொண்டுவந்து, வெட்டிய காம்பைப் பக்கத்து மட்டையோடு சேர்த்துக் கட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. முடிச்சை மட்டும் பார்த்துக் கட்டினார். உலகத்தில் எத்தனையோ அரிய படங்களை எடுக்கத் தயாரான அந்த முக்காலி, கடைசியில் ஒரு வாழையிலைக்கு முட்டுக்கொடுத்து நின்றது.

எல்லோரையும் உள்ளே போகச் சொன்னேன். தாய்ப்பறவை திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அந்த இரண்டும் சாயங்காலம் தாங்காது.

கூடத்தில் சடங்கு தொடங்கியது. நான் அங்கே இருந்திருக்க வேண்டும். சித்தி கையால் வளையல் போடுவது முறை. ஆனால் கொல்லையைப் பார்க்க ஒரே ஜன்னல் குளியலறையில்தான் இருந்தது. கவிழ்த்த வாளியின் மேல் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து, கம்பி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். பறவை கம்பத்துக்கு வரும், அலகில் ஏதோ இருக்கும், முக்காலியைப் பார்க்கும், பறந்துவிடும். மறுபடி வரும், போகும். குஞ்சுகளின் கீச்சு மெலிந்துகொண்டே வந்தது.

கதவைத் தட்டி அக்கா தலையை நீட்டினாள். "இன்னா?"

"பயப்படுதுக்கா. ஒலிபெருக்கிச் சத்தம் வேற."

அக்கா போனாள். கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றது. கூடத்தில் பார்வதியம்மாவின் குரல் கேட்டது. "யாரும் கொல்லப்பக்கம் போவாதீங்க. பிள்ளைங்க ஓடக் கூடாது. வளையல மெதுவா போடுங்க லா."

அப்புறம் அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதி. கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று உரசுவது எனக்குக் குளியலறை வரை கேட்டது.

பறவை வந்தது. கம்பத்திலிருந்து வாழைத்தாருக்கு, அங்கிருந்து முக்காலியின் திருகுப் பிடிக்கு. அதை ஒரு தடவை கொத்திப் பார்த்தது. பிறகு இலைக்கு அடியில் நுழைந்தது. கீச்சுச் சத்தம் பெரிதாகி, சட்டென்று நின்றது. வாயில் சாப்பாடு விழுந்தால்தான் அப்படி நிற்கும்.

கேமரா மடியில்தான் இருந்தது. எடுத்தேன். எதில் குவிகிறது என்று பார்க்காமலே அழுத்தினேன். அந்தப் பயணத்தில் நான் எடுத்த ஒரே சிலந்திபிடிப்பான் படத்தில் குளியலறைக் குழாய் மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

ஓடிப்போய் ரேவதியிடம் சொன்னேன். கன்னத்தில் சந்தனத்தோடு நாற்காலியில் இருந்தவள் எழுந்துவிட்டாள். வளையல் கைகளை முந்தானையில் சுற்றி, சத்தம் வராமல் குளியலறைக்கு வந்து வாளியில் ஏறாத குறையாக எட்டிப் பார்த்தாள். பறவை மறுபடி வரும் வரை நின்றாள். வந்து, கொடுத்து, போனதும் மூச்சை விட்டாள்.

"சித்தி, இப்ப வந்து எனக்கு வளையல் போடுங்க," என்றாள்.

அன்று எல்லோரும் பீங்கான் தட்டில் சாப்பிட்டோம். இன்னொரு இலை வெட்டலாமா என்று கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை, முக்கியமாக எனக்கு. பார்வதியம்மா எனக்குப் பாயசம் ஊற்றும்போது ஒரு கரண்டி அதிகமாக ஊற்றினார். மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். சர்க்கரை அதிகம் என்று சொல்ல நினைத்ததை விழுங்கினேன்.

மிச்ச நாட்களில் நான் எங்கும் போகவில்லை. தேயிலைத் தோட்டம், ஸ்ட்ராபெரி, அங்காடி, எதுவும் பார்க்கவில்லை. இலை நாளுக்கு நாள் மஞ்சளாகிச் சுருண்டது. தையல் மட்டும் விடவில்லை. அக்காவுக்கு அது ஒரு வேலையாகிவிட்டது. காலையில் அங்கே கோப்பி என்கிற காப்பியோடு ஜன்னலுக்குப் போய்விடுவாள். "பெருசு வந்துச்சி. சின்னது ரெண்டும் முட்டிகினு கீது," என்று அங்கிருந்தே அறிவிப்பாள். போனில் மாமா கடை நிலவரம் சொல்ல ஆரம்பித்தால் இவள் கூட்டு நிலவரம் சொல்வாள்.

ஊர் திரும்பும் நாள் காலையில் அங்கிள் காரோடு வந்தார். தூறல். பெட்டிகளை ஏற்றியாயிற்று. முக்காலியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும், அதற்கு நான் மனசைத் தேற்றிக்கொண்டாயிற்று. கடைசியாக ஒரு பார்வை பார்க்கலாம் என்று கொல்லைக்குப் போனோம்.

ஒரு குஞ்சு பையை விட்டு வெளியே வந்து காய்ந்த இலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. தாய் சற்றுத் தள்ளி வேலி மேல், அலகில் சாப்பாட்டோடு, கிட்டே வராமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. குஞ்சு எம்பியது. விழப் பார்த்தது. தத்தளித்து இறக்கையை அடித்து வேலியைப் பிடித்து, அங்கிருந்து காட்டு ஓரத்து மரத்துக்குள் போய்விட்டது. நான் கைதட்டிவிட்டேன். ரேவதி அழுதுகொண்டே சிரித்தாள்.

"பார்த்தாச்சு. வாக்கா, ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு," என்றேன்.

அக்கா நகரவில்லை. "இரு. இன்னொண்ணு உள்ள கீது."

"அது நாளைக்குப் போகும். ரேவதி போன் பண்ணுவா."

"போன் பண்ணட்டும். நான் பாத்துட்டு வரேன்." அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். "நம்மூர்ல வெள்ளம் வந்தப்போ வூட்டாண்ட ஒரு போட்டு வந்து நின்னுச்சி. நானும் ரேவதியும் ஏறிட்டோம். உங்க மாமா மாடில கிரைண்டரக் கட்டிகினு கெடந்தாரு. போட்டுக்காரன் யாருன்னே தெரியாது. எல்லாரும் கௌம்பு கௌம்புன்னு கத்தறாங்க. அவன் சொல்றான், உள்ள ஒர்த்தரு கீறாரு, வரட்டும்னு. மழையில நின்னான் பாரு."

இந்தக் கதையை அக்கா என்னிடம் சொன்னதே இல்லை. அந்த மழையில் நான் மேடவாக்கத்தில் மூன்றாவது மாடியில் இருந்துகொண்டு, போன் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கிள் வந்து என்ன தாமதம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், போய் எஞ்சினை அணைத்துவிட்டு வந்தார். "என் மனைவியிடம் சொன்னால் நம்ப மாட்டாள்," என்றபடி எங்களோடு நின்றுகொண்டார். பார்வதியம்மா ஒரு குடையைக் கொண்டுவந்து அக்காவின் தலைக்கு மேல் பிடித்தார்.

அந்த விமானம் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது தலை வெளியே வந்தது. எங்கள் எல்லோரையும் பார்த்தது. உள்ளே போய்விட்டது. அங்கிள் சீன மொழியில் ஏதோ முணுமுணுத்தார். அதை மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை. வெகுநேரம் கழித்து அது மறுபடி வந்தது, ஓரத்துக்கு நகர்ந்தது, கண்ணை மூடிக்கொண்டு குதித்தது என்றே எனக்குத் தோன்றியது. பறக்கவில்லை. நேராகக் கீரைப் பாத்தியில் விழுந்தது. நான் ஓடப்போனேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

தாய் வேலியிலிருந்து இறங்கிப் பாத்திக்குள் போயிற்று. கீரை ஆடியது. கீச்சுச் சத்தம் எழுந்து, சட்டென்று நின்றது. பிறகு இரண்டும் பாத்தியின் அந்தப் பக்கம் தத்தி வெளிப்பட்டன. சின்னது செம்பருத்திச் செடியின் அடிக்கிளையில் ஏறியது, அடுத்த கிளையில் ஏறியது, இலைகளுக்குள் மறைந்தது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ம். இப்ப வண்டில ஏறு," என்றாள்.